எண்ணூறு ரூபாய் ரெக்கார்டு பிளேயர்

பாக்கியராஜ் மாமா அந்த மரப்பெட்டியைக் கடை மேசைமேல் வைத்த நிமிடத்திலேயே எங்களுக்குள் சண்டை தொடங்கிவிட்டது.

அவர் என் அக்கா அன்னமேரியின் கணவர். கிருஷ்ணகிரியில் நாங்கள் இருவரும் கூட்டாக மைக் செட் கடை நடத்தினோம். கல்யாணம், காதுகுத்து, சர்ச் திருவிழா என்று வாடகைக்குப் போவோம். ஆள் பேசி வேலை பிடிப்பது அவர். கருவிகளைப் பார்த்துக்கொள்வது நான். எங்களிடம் இருந்த ஒரே ஆம்ப்ளிஃபையர் இரண்டு மணி நேரம் ஓடினால் சூடேறிக் கருகல் வாடை அடிக்கும். இன்னொன்று வாங்குவதற்காக இரண்டு வருஷம் சேர்த்த எண்ணூறு ரூபாயோடுதான் 1968 ஆகஸ்ட் தொடக்கத்தில் மாமா பெங்களூர் பஸ் ஏறினார். திரும்பி வந்தபோது பெட்டிக்குள் இருந்தது ஆம்ப்ளிஃபையர் இல்லை. ஒரு ரெக்கார்டு பிளேயர்.

"அமெரிக்காக்காரன் ஒருத்தன் ஊருக்கே திரும்பிப் போறான். ஆயிரத்தைந்நூறு சொன்னான். பேசிப் பேசி எண்ணூறுக்கு முடிச்சன்," என்றார்.

"நம்மகிட்டத்தான் ஒண்ணு இருக்குதே மாமா. நூத்திருபது ரூபா. அதுவும் பாடத்தானே செய்யுது?"

"அது பாடுதா? எலி கத்தற மாதிரி கத்துது."

"கத்தறது ஹார்ன். பிளேயர் இல்ல."

நான் சொன்னது உண்மை. மரத்தில் கட்டுகிறோமே அந்தத் தகரக் கூம்பு, அது மனிதக் குரலின் நடுப்பகுதியைப் பிடித்துத் தூரத்துக்குத் தள்ளுவதற்காகச் செய்யப்பட்டது. மத்தளத்தின் அடித்தொனி அந்தக் கூம்புக்குள்ளேயே செத்துவிடும். சலங்கையின் மெல்லிய சிலிர்ப்பும் வெளியே வராது. பிளேயர் எவ்வளவு நுட்பமாக இசைத்தட்டைப் படித்தாலும் ஹார்ன் தனக்குத் தெரிந்த நடுப்பகுதியை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். அகலமான கால்வாயில் எவ்வளவு தண்ணீர் வந்தால் என்ன, மடை ஒரு சாண் என்றால் வயலுக்குப் போவது ஒரு சாண் தண்ணீர்தான். அறைக்குள் நல்ல ஸ்பீக்கர் வைத்துக் கேட்பவனுக்கு எண்ணூறு ரூபாய் தகும். புளியமரத்தில் ஹார்ன் கட்டுகிற எங்களுக்குத் தகாது.

இதையெல்லாம் மாமாவிடம் நிதானமாகத்தான் சொன்னேன்.

"நீ வாத்தியார் வேலைக்குப் போயிருக்கலாம்டா," என்றார். "கடைக்கு வர்றவன் மடையைப் பாக்க வரல. எங்கிட்ட அமெரிக்கா மிஷின் இருக்குதுன்னா நாலு ஊர்க்காரன் தேடி வருவான். காவேரிப்பட்டினத்துல சென்னப்பன் செட்டைத் தேடிப் போறவன் நம்மகிட்ட வருவான். யேவாரம் உனக்கு என்னா தெரியும்? ஸ்க்ரூ முறுக்கத் தெரியும்."

"யேவாரம் தெரிஞ்சவரு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பாதிப் பணம் என்னுது."

மாமாவின் முகம் சிவந்தது. தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கட்டும் என்பது போலக் குரலை உயர்த்தினார். "சரி. இந்த மாசக் கடைசியில மாதா திருவிழா கொடியேத்தம் இருக்குதில்ல. அங்க இந்த மிஷினை ஓட்டுவம். ஒரே ஒருத்தர் குறை சொல்லட்டும், மறுநாளே திருப்பிக் குடுத்துட்டு நீ கேட்ட ஆம்ப்ளிஃபையரை வாங்கியாறன். வித்தவன் கிளம்ப இன்னும் ஒரு மாசம் இருக்குது, அதுக்குள்ள குடுத்தா திருப்பி எடுத்துக்கறன்னு சொல்லியிருக்கறான். ஒருத்தரும் சொல்லலைன்னா, இந்தக் கடையில எதை வாங்கறது எதை விக்கறதுன்னு நீ வாயைத் தொறக்கக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்றேன்.

மறுநாள் மாமா சாப்பிடப் போனபோது பிளேயரைத் திருப்பிப் போட்டு அடித்தகட்டைக் கழற்றினேன். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. உள்ளே வேலைப்பாடு அருமை. மோட்டார் அச்சின்மேல் படிப்படியாகக் கடைந்த ஒரு சின்னப் பித்தளை உருளை. அது ஒரு ரப்பர் சக்கரத்தைச் சுழற்றும். ரப்பர் சக்கரம், இசைத்தட்டைத் தாங்கும் உலோகத் தட்டை அதன் உள்விளிம்பில் உரசிச் சுழற்றும். அந்த உலோகத் தட்டு மூன்று கிலோவுக்குக் குறையாது. அவ்வளவு கனம் சுற்றும்போது சின்னச் சின்னத் தடுமாற்றங்கள் அதில் கரைந்துபோகும். ஊசிக்கையோ இறகு மாதிரி. எங்கள் பழைய பிளேயரின் ஊசி இசைத்தட்டை உழுதுகொண்டே போகும். இது வருடிக்கொண்டு போகும். இசைத்தட்டுகள் பத்து மடங்கு காலம் உழைக்கும். இது மாமாவுக்குத் தெரியாத ஒரு நல்ல நியாயம். நானும் சொல்லவில்லை.

அப்போதுதான் மோட்டாரில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தேன். நூற்றுப் பதினேழு வோல்ட், அறுபது சைக்கிள்.

வோல்ட் பிரச்சினை இல்லை. நம் லைனில் வருவது இருநூற்று முப்பது; அதைப் பாதியாகக் குறைக்க விற்றவனே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கொடுத்திருந்தான். அதை மாட்டிவிட்டால் எல்லாம் சரி என்று மாமா நம்பினார். ஆனால் சைக்கிள் வேறு. மின்சாரம் ஒரு வினாடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னும் ஆடுகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. அமெரிக்காவில் அறுபது முறை, இங்கே ஐம்பது. இந்த மாதிரி மோட்டார் அந்த ஆட்டத்துக்கு அடியெடுத்து வைத்துத்தான் சுற்றும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஆட்டத்தைத் தொடாது. ஆறு அடி வைக்க வேண்டிய நேரத்தில் மோட்டார் ஐந்து அடிதான் வைக்கும்.

தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று வர வேண்டிய இடத்தில் முப்பத்தேழரை வந்தது.

சரிசெய்வதும் எளிது. அந்தப் பித்தளை உருளையை ஐந்துக்கு ஆறு என்ற விகிதத்தில் பெரிதாகக் கடைந்து மாட்டினால் போதும். ஓசூரில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறையில் மூன்று ரூபாய் கேட்பார்கள்.

எதையாவது கண்டுபிடித்தால் பக்கத்தில் இருப்பவனைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. அன்று மட்டும் அடித்தகட்டை மாட்டி, ஸ்க்ரூக்களை முறுக்கி, வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் மாமா ஒரு மாதா பாட்டுத் தட்டைப் போட்டார். பெண் குரல். வேகம் குறைந்ததால் சுருதி இறங்கி, குரல் தடித்து, நாற்பது வயது கூடிய மாதிரி ஒலித்தது. தெரிந்துவிடும் என்று காத்திருந்தேன். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"கேட்டியா? என்னா கனம். என்னா நிதானம். இத்தனை நாள் அந்தம்மா குரலை நாம கேக்கவே இல்லடா."

எதிர் டீக்கடை திம்மப்பன் வந்து நின்று கேட்டு, "சென்னாகிதே" என்று கன்னடத்தில் மெச்சினார். "பெரிய மிஷினுன்னா கொரலும் பெருசாத்தான் வரும்," என்று தமிழில் முடித்தார். மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன்.

கொடியேற்றம் காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில். நான்கு வருஷமாக எங்கள் செட்டுதான் அங்கே. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கொடி மேலே ஏறும்போது மாதா பாட்டின் முதல் அடியை இசைத்தட்டு பாடும். இரண்டாம் அடியில் ஜெயசெல்வி டீச்சர் ஆர்மோனியத்தில் சேர்ந்துகொள்வார். பாடகர் குழுப் பெண்கள் பாடத் தொடங்குவார்கள். மூன்றாம் அடியில் நான் ஊசியைத் தூக்கிவிடுவேன்; ஊரே பாடி முடிக்கும். அது சரியாக வந்தால் ஒன்பது நாளும் அந்த செட். சொதப்பினால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டும்.

ஐந்து மணிக்குக் கொடி ஏறத் தொடங்கியது. புளியமரத்து ஹார்னிலிருந்து அந்தத் தடித்த குரல் புறப்பட்டது. திருவிழாக் கமிட்டித் தலைவர் ராஜப்பன் நெஞ்சில் கைவைத்து நின்றார். "என்னா செட்டுய்யா இது. மாதாவே பாடற மாதிரி இருக்குது," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். மாமா என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

இரண்டாம் அடி வந்தது. ஜெயசெல்வி டீச்சர் கட்டையில் விரல் வைத்தார், உடனே எடுத்தார். இன்னொரு கட்டை. அதையும் விட்டார். பெண்கள் ஆளுக்கொரு சுருதியில் தொடங்கி, ஒருவரையொருவர் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். கொடி பாதியில் நின்றது. டீச்சர் கையை உயர்த்தி, "பாட்டை நிறுத்துங்க," என்றார். ஊசியைத் தூக்கினேன்.

"வருஷா வருஷம் அஞ்சு கட்டை சுருதியில வர்ற பாட்டு. இன்னைக்கு மூணு கட்டையிலயும் உக்கார மாட்டேங்குது, ரெண்டரையிலயும் உக்கார மாட்டேங்குது. உங்க மிஷினைப் பாருங்க," என்றார் டீச்சர்.

"மிஷின்ல ஒண்ணுமில்ல டீச்சர்," என்றார் மாமா. "எண்ணூறு ரூபா அமெரிக்கா மிஷினு. உங்க ஆர்மோனியத்துக்குத்தான் வயசாயிடுச்சு."

"நீங்க எவ்ளோ குடுத்து வாங்கினீங்கன்னு நான் கேக்கல. எந்தக் கட்டையில பாடுதுன்னு கேக்கறன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மாமாவுக்கு அது போதும். "கட்டை தெரியாதவங்க கையில கட்டையைக் குடுத்தா இப்படித்தான். எங்க தட்டு என்னா, நேத்துப் பாடுனதா? உங்களுக்குக் காது மந்தமாயிடுச்சுன்னா டவுன்ல டாக்டர் இருக்கறாரு."

ராஜப்பனும் அவர் பக்கம் சாய்ந்தார். "செல்வி, நல்லாத்தானம்மா பாடுது. கொடி பாதியில நிக்குது, சகுனம் நல்லால்ல. நீ எப்படியாச்சும் சேந்து வாசி."

"இல்லாத கட்டையில எப்படி வாசிக்கறது? அப்ப வேற ஆளை வெச்சி வாசிச்சுக்குங்க," என்று டீச்சர் ஆர்மோனியத்தை மூடினார். பின்வரிசையில் ஒரு பெண், "பயிற்சி பண்ணாம வந்துட்டு மிஷின் மேல பழி," என்றாள். டீச்சரின் காதில் அது விழுந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"யேசுராஜ், மிஷினைத் தொறந்து மூடறவன் நீ. நீ சொல்லு. என் காது தப்பா?"

அவர் காது தப்பே இல்லை. ஆறுக்கு ஐந்து என்று வேகம் குறைந்தால் சுருதி மூன்று அரைக்கட்டை இறங்கி, அதற்கும் இத்தனூண்டு கீழே போய் நிற்கும். அந்த இத்தனூண்டு எந்த ஆர்மோனியத்திலும் கிடையாது. அதைக் காதால் பிடித்த ஒரே ஆள் அவர்.

"உங்க காது சரி டீச்சர். மிஷின்தான் தப்பு," என்றேன்.

தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. அறுபது, ஐம்பது, மோட்டார், உருளை எல்லாம் சொன்னேன். தட்டின் ஓரத்தில் காகிதம் ஒட்டி, ராஜப்பனிடம் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். அவரே எண்ணினார். முப்பத்தேழரை. கூட்டம் மேசையைச் சுற்றி நெருங்கி நின்றது. எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

மாமா மட்டும் அந்தத் தட்டைப் பார்க்கவில்லை. "இதை எப்ப பாத்த?" என்றார்.

"வாங்கி வந்த மறுநாள்."

"சரி பண்ண முடியாதா?"

"முடியும். ஓசூர்ல ஒரு உருளை கடைஞ்சா போதும்."

"எவ்ளோ ஆவும்?"

"மூணு ரூபா."

முதலில் வாய் திறந்தது டீச்சர். "இருவது நாளா தெரியுமா உனக்கு? தெரிஞ்சும் இத்தனை பேரு முன்னாடி என்னைப் பேச்சுக் கேக்க வுட்டியா?"

"உங்களை நெனச்சுப் பண்ணல டீச்சர், இது எங்களுக்குள்ள ஒரு..."

"அதைத்தான் சொல்றன்," என்றார் அவர்.

ராஜப்பன் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டார். "உங்க மாமன் மச்சான் சண்டைக்கு எங்க கொடிமரந்தான் கிடைச்சுதா? மூணு ரூபா வேலைய்யா. கட்டுங்க சாமானை. டேய், எவனாச்சும் சைக்கிள்ல போயி சென்னப்பனை வரச் சொல்லுங்கடா."

டீச்சர் ஆர்மோனியத்தைத் திறந்து ஐந்து கட்டையில் தொடங்கினார். எங்கள் உதவி இல்லாமலே மீதிக் கொடி ஏறியது.

ஹார்னை இறக்க நான் ஏணி வைத்துப் புளியமரத்தில் ஏறினேன். கட்டை அவிழ்த்துக் கயிற்றில் ஹார்னைத் தொங்கவிட்டேன். கீழே மாமா கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே பார்க்காமலே பேசினார்.

"பந்தயத்துல நீ ஜெயிச்சுட்ட. டீச்சர் குறை சொல்லிட்டாங்க. நாளைக்குப் பெங்களூர் போயி இதைத் திருப்பிக் குடுத்துட்டு ஆம்ப்ளிஃபையர் வாங்கியாந்து உன் வீட்டு வாசல்ல வெக்கறன்."

"மாமா, திருப்ப வேணாம். உருளையை நானே கடைஞ்சாந்து மாட்டறன். இந்த மிஷினு நல்ல மிஷினு. தட்டெல்லாம் பத்து மடங்கு உழைக்கும். ஹார்னுக்குத் தகாதுதான், ஆனா..."

"அதையும் இப்பத்தான் சொல்றியா?" என்றார். "நான் அறிவு கெட்டு வாங்கினன். எனக்கு அது தெரியாது. நீ தெரிஞ்சு ஓட்டின. என்னை நாலு ஊர் முன்னாடி நிக்க வெக்கணும்னு இருவது நாள் பக்கத்துலயே உக்காந்து, நான் போட்ட சோத்தைத் தின்னுக்கினு இருந்த. ஆம்ப்ளிஃபையர் உன் பங்கு. அதை எடுத்துக்க. கடைப்பக்கம் வராத. உங்கக்காவுக்கு நான் சொல்லிக்கறன்."

"மாமா."

"கயிறை வுடு."

விட்டேன். அவர் ஹார்னைத் தரையில் தட்டாமல் மெதுவாக இறக்கி, கயிற்றைச் சுருட்டி, இரண்டையும் மாட்டு வண்டியில் வைத்தார். பிளேயர் பெட்டியை வைக்கோலுக்கு நடுவில் புதைத்தார். பிறகு திரும்பி வந்து, நான் கிளையில் உட்கார்ந்திருக்கும்போதே, மரத்தில் சாய்த்திருந்த ஏணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஏணி கடைச் சாமான்.

அடிமரத்தைக் கட்டிப்பிடித்துச் சறுக்கி இறங்கினேன். முழங்கையிலும் நெஞ்சிலும் தோல் உரிந்தது. கால் தரையில் பட்டபோது வண்டி கிருஷ்ணகிரி ரோட்டில் திரும்பியிருந்தது.