ஐந்து சென்டிமீட்டர் மருந்து

அபுந்தியோ ஐம்பத்தெட்டு வயதில் எழுத்துக் கற்றவர். உருளைக்கிழங்கு தோண்டிக் காய்த்துப்போன கையால் ஞாயிறுதோறும் மாதா கோயில் வகுப்பில் எழுதி, அளவைப் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கிவிட்டார். அதிலிருந்து வீட்டில் சூப்புக்குக்கூடத் தண்ணீர் லிட்டர் கணக்கில்தான்.

அவருக்கும் மனைவி ஒப்துலியாவுக்கும் இருந்தது லுசேரோ என்ற ஒரே கிடாரி. அது வயிற்றுப் புழுவால் எலும்பும் தோலுமாய் நின்றது. மருந்துக்கடை நீல்சா ஒரு குப்பியைத் தந்து, "தோலுக்கடியில அஞ்சு சென்டிமீட்டர் போடுங்க, அபுந்தியோ ஐயா. கூடிப்போனா மாடு சாஞ்சிரும்" என்றாள். அந்தப் பக்கத்தில் ஊசி மருந்தை எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள், கொடுப்பார்கள். அபுந்தியோவுக்குத்தான் இப்போது பொறுக்கவில்லை. வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார்.

"சென்டிமீட்டர் துணி அளக்கிறது, ஒப்துலியா" என்றார் மனைவியிடம். "பாவம், அவ சென்டிலிட்டர்னு சொல்ல வந்திருக்கா. ஒரு சென்டிலிட்டர் பத்து மில்லி. அஞ்சுக்கு அம்பது."

குப்பியைத் திருப்பினார். '50 மி.லி.' என்று அச்சிட்டிருந்தது. முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, கச்சிதமா வருது. மாட்டுக்கு ஒரு குப்பி."

எழுத்தறியாத ஒப்துலியா குப்பியின் மூடியைத் தட்டினாள். "ஒரே மாட்டுக்குன்னா ரப்பர் மூடி எதுக்கு? குத்திக் குத்தி எடுக்கத்தானே. பக்கத்து வீட்டு ரொசெந்தோ எட்டு மாட்டுக்கும் ஒரே குப்பிதான் போட்டான்."

"ரொசெந்தோ படிச்சவனா?"

"இல்ல. அதான் எட்டும் உசிரோட இருக்கு."

அவர் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார். அவள் சிரிஞ்சைக் காட்டினாள். அதில் இருந்ததே பத்துக் கோடு, கோட்டுக்கு ஒரு மில்லி.

"அம்பதுன்னா அஞ்சு தடவை குத்தணும், வாத்தியாரே. மொத குத்து உங்களுக்குக் குத்திப் பாக்கட்டுமா?"

கடைசியில் சமாதானம் ஆயிற்று. இன்றைக்கு ஐந்து கோடு. மாடு தேறாவிட்டால் மீதி நாற்பத்தைந்து. பத்தாம் நாள் லுசேரோ வேலிக்கு வெளியே கழுத்தை நீட்டி ரொசெந்தோவின் ஓட்ஸ் பயிரை மேய்ந்துகொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு, வகுப்பில் ஆசிரியை காகிதத்தில் ஒரு குட்டிப் பெட்டி மடித்துக் காட்டினாள். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு சென்டிமீட்டர். அதற்குள் சரியாக ஒரு மில்லி பிடிக்கும். ஊரார் வாயில் 'சென்டிமீட்டர்' என்பது அந்தப் பெட்டிதான்.

அபுந்தியோ செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே அடுப்படிக்குப் போனார்.

"ஒரு சென்டிமீட்டர் மருந்தும் ஒரு மில்லியும் ஒண்ணுதான், ஒப்துலியா. இதெல்லாம் படிச்சாத்தான் புரியும்."

"அப்படியா" என்றாள் ஒப்துலியா, சோள ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி.