ஒன்பது தக்காளி டின்கள்

அடுத்த சூசையப்பர் திருநாளுக்குப் பீடத்துப் பூ என்னுடையது என்று அமலினி போன வருசம் கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டாள். பீடச் சோடனைக்குப் பொறுப்பான ஸ்ரெல்லா அக்கா சிரித்தாள். இத்தாலியில், பலெர்மோவில் ஊரார் வீடு துடைக்கிறவளுக்கு ஏது தோட்டம் என்ற சிரிப்பு அது. அமலினிக்குச் சுருக்கென்று தைத்தது.

தோட்டம் இல்லைதான். அல்பெர்கேரியாச் சந்தைப் பக்கம் மூன்றாம் மாடி, உடுப்புக் காயப்போடும் பல்கனி, அவ்வளவுதான். ஆனால் பூத்து முடிந்த குட்டை டாஃபடில் கிழங்குப் பூச்செடிச் சட்டிகளைக் குப்பையில் போடச் சொல்லி வேலை வீட்டு எசமானி சிஞ்ஞோரா கொடுத்ததை, அந்த மாதம்தான் அவள் வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தாள். இலை தானாய்ப் பழுத்துக் காயும்வரை கத்தரி வைக்கவில்லை. அடுத்த பூவுக்குக் கிழங்கில் சாப்பாடு சேர்ப்பது அந்த இலைதானே. பிறகுதான் கிழங்குகளைத் தோண்டிக் காயவைத்தாள்.

நல்ல குளிர் பட்டால்தான் அந்தக் கிழங்கு பூக்கும்; பலெர்மோக் குளிர் அதற்கு எந்த மூலைக்கு? செப்டம்பர் கடைசியிலிருந்து பத்துக் கிழமை ஃபிரிட்ஜில் வைத்தாள். பக்கத்தில் பழம் இருந்தால் பூ கெட்டுவிடும் என்று ஆப்பிளை வெளியே தள்ளினாள். ஒருநாள் புருசன் பீலிக்ஸ், சின்ன வெங்காயம் என்று நினைத்துச் சம்பலுக்கு இரண்டை உரிக்கத் தொடங்கிவிட்டான். கத்தியைப் பறித்தவள், ‘நஞ்சு’ என்று எழுதிப் பையில் ஒட்டினாள். டிசம்பரில் அடியில் துளையிட்ட ஒன்பது தக்காளி டின்களில் நட்டாள்.

மார்ச்சில் டின்கள் மஞ்சளாய் நிறைந்தன. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

திருநாளுக்கு முதல்நாள் பார்க்க வந்த ஸ்ரெல்லா அக்கா உதட்டைப் பிதுக்கினாள். "ஒரு சாண்கூட இல்லையே. கோயில் பூச்சாடி இடுப்பளவு உயரம். வெட்டி வைச்சால் உள்ளுக்கை விழுந்திடும். கடையிலை வாங்குவம்."

அமலினியின் முகம் சுருங்கியது. ஒரு நிமிசம்தான். "வெட்டமாட்டன் அக்கா. டின்னோடையே வரும்."

மறுநாள் அவளும் பீலிக்ஸும் சந்தைக்குள்ளால் மூன்று நடை நடந்து தூக்கிப்போனார்கள். தக்காளிப் படத்தை மறைக்க அவள் ஒரு கடதாசிகூடச் சுற்றவில்லை. சூசையப்பர் சுரூபத்தின் காலடிப் படியில் வரிசையாய் வைத்தாள். முழந்தாளிட்டவர்களின் முகத்துக்கு நேரே பூக்கள் நின்றன. யாருடையது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் என்னுடையது என்றாள். ஒரு துளி கூச்சமும் இல்லை.

பூசை முடிந்து டின்களை எடுக்கும்போது ஸ்ரெல்லா அக்கா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் ஒரு கிழங்கு தருவியோ?"

"ஓம் அக்கா, தாறன்," என்றாள் அமலினி, டின்னை நெஞ்சோடு அணைத்தபடி. "முதல்லை இலை காயட்டும்."