வைரமேகம் பாய்ஸுக்கு நூற்றுப் பன்னிரண்டு கார்டுகள்

தாமோதரன் கிடார் வாங்கியது எண்பத்திரண்டில். வாசிக்கக் கற்றுக்கொண்டது எப்போது என்று கேட்காதீர்கள், அது இன்னும் நடக்கவில்லை. அவனோடு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். சேட்டுவுக்குப் புல்புல்தாரா. ஐசக் சர்ச் ஆர்மோனியத்தைக் கயிறு கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு வருவான். திருப்புலிவனத்து எல்லப்பன் பம்பை அடிப்பான். எங்கள் உத்திரமேரூர் ஏரியின் பெயரை எடுத்து 'வைரமேகம் பாய்ஸ்' என்று சூட்டிக்கொண்டார்கள். சினிமாப் பாட்டைத் தொடமாட்டார்களாம், எல்லாம் சொந்தச் சரக்காம். பாதி மாரியம்மன் வர்ணிப்பு, பாதி இங்கிலீஷ் கத்தல், நடுநடுவே அல்லேலூயா.

இந்தக் கண்ணராவியை வானொலியின் இளைஞர் நிகழ்ச்சியில் ஒருமுறை ஒலிபரப்பியும் விட்டார்கள். நேயர்கள் கார்டு போட்டுக் கேட்டால், கேட்டவர்கள் பெயரை வாசித்து மறுபடியும் போடுவோம் என்று அறிவிப்பு வேறு. எவன் கேட்பான்?

தபாலாபீஸில் முத்திரை குத்துகிறவன் நான், இருபத்திரண்டு வருஷமாக. திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தால் நூற்றுப் பன்னிரண்டு கார்டு வானொலிக்கு. எல்லாம் ஒரே கையெழுத்து. பச்சை மை, ஏதோ கெஜட்டட் ஆபீசர் மாதிரி. பெயர்கள் மட்டும் வேறு வேறு. வாக்காளர் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டு நம்பர் வரிசையாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்ட ஊர் இது. அவர்களாவது தகுதி பார்த்துப் போட்டார்கள்.

சிரித்துக்கொண்டே குத்தினேன். எழுபதாவது கார்டோ என்னவோ, கை நின்றுவிட்டது. 'மு. ராணியம்மாள், பஜார் தெரு.'

என் மனைவி. போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். பட்டியலில் அவள் பெயரை அடிக்க யாரும் மெனக்கெடவில்லை. நானும்தான்.

நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் தாமோதரனின் சட்டையைப் பிடித்தேன்.

"செத்தவ பேர்ல பாட்டு கேக்குறியாடா? வெக்கமா இல்ல உனுக்கு?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. "தெரியாம ஆயிட்ச்சு சார். லிஸ்ட்டப் பாத்து எழுதிக்கினே போனோம். அந்தக் கார்ட கிழிச்சிப் போட்டுடு சார்."

"கிழிக்கிறதா? பொட்டில வுழுந்தா அது சர்க்கார் தபாலு. நீ போட்ட குப்பைக்கு நான் வேலைய வுடணுமா?"

கௌரவமாகப் பேசிவிட்டு வந்தேன். வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, அதை நானே குத்தி அனுப்பவேண்டும் என்று. குத்தினேன், அவள் பெயர் மேல் மை படாமல்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாஞ்சாலியின் டீக்கடை ரேடியோ முன்னால் பாய்ஸ் நாலு பேரும் தலை வாரி, பவுடர் அப்பி உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோவில் முகம் தெரியும் என்று நினைத்தார்களோ என்னவோ. நான் காறித் துப்பத்தான் போனேன். அறிவிப்பாளர் அம்மா பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். ஏழோ எட்டோ தாண்டியதும், "உத்திரமேரூர், ராணியம்மாள்."

தாமோதரன் தலையைக் குனிந்துகொண்டான்.

பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'இந்தா', 'ஏய்', அவ்வளவுதான். அவள் போன பிறகு அந்தப் பெயரைச் சொல்ல யாருக்கும் அவசியம் வரவில்லை. முகம் தெரியாத ஒரு பெண் அதை நிறுத்தி, திருத்தமாக, ஊர் உலகம் கேட்கச் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை சொல்வாரா என்று காதைத் தீட்டினேன். அதற்குள் பம்பை அதிர்ந்து, தாமோதரன் ரேடியோவுக்குள்ளிருந்து கத்த ஆரம்பித்தான். எழுந்து வந்துவிட்டேன்.

மறுவாரம் பாய்ஸ் ஒரு கார்டும் போடவில்லை, பயந்துவிட்டார்கள். வானொலிக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரே ஒரு கார்டுதான் போனது. நீல மை. 'வைரமேகம் பாய்ஸ் பாட்டை மறுபடியும் போடவும். இப்படிக்கு, மு. ராணியம்மாள்.' நான்தான் எழுதினேன், நான்தான் குத்தினேன்.

அதற்கப்புறம் வாரம் ஒன்று. இதுவரை நாலு தடவை போட்டுவிட்டார்கள். தாமோதரனுக்கு விஷயம் புரியாமல் இருக்குமா? நேற்று தபாலாபீஸ் ஜன்னல் பக்கம் வந்து நின்றான்.

"சார், புதுசா ஒண்ணு பண்ணிக்கினு கீறோம். அதுக்கும் ஒரு கார்டு..."

"மொதல்ல வாசிக்கக் கத்துக்கினு வாடா."

பாட்டு இன்னும் சகிக்கவில்லை. நல்லவேளை, பெயர்களைப் பாட்டுக்கு முன்னாலேயே வாசித்துவிடுகிறார்கள். கேட்டதும் எழுந்து வந்துவிடுவேன்.