தானியேலின் முறை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காருக்கு பிரேக் ஓஸ், அதாவது பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய், செய்யும் அந்த ஜப்பான் கம்பெனியில், லைனில் நிற்பவர்களின் தலைக்கு மேலே ஒரு மஞ்சள் கயிறு ஓடுகிறது. பிழையான ஓஸைக் கண்டால் யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம், உடனே இழுக்கவும் வேண்டும். இழுத்தால் லைன் நின்றுவிடும். மேனேஜரிடம் அனுமதி வேண்டாம், பிறகு விளக்கமும் எழுதித் தர வேண்டாம். ஆலைத் தலைவர் மொரிட்டா இதை முதல் நாளே சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒருவரும் அந்தக் கயிற்றின் பக்கம் கையைத் தூக்கவில்லை.

பயப்படுகிறார்கள் என்று மொரிட்டா நினைத்தார். பயம் பாதிதான். கயிற்றை இழுப்பது என்றால், எனக்கு முந்தைய மெஷினில் நிற்பவன் தப்புப் பண்ணிவிட்டான் என்று ஊரைக் கூட்டிச் சொல்வது. மத்தியானம் அவனோடுதான் சாப்பிட உட்கார வேண்டும். அவன் பைக்கில்தான் ஸ்டேஷன் வரை போக வேண்டும். அதனால் கோணலாக வந்த ஓஸை ஓரமாகப் போட்டுவிட்டு, டீ குடிக்கும்போது அவன் காதோடு சொல்வார்கள். அவனும் சரிசெய்துவிடுவான். இதில் என்ன குறை என்று அவர்களுக்கு விளங்கவில்லை. டீ வேளைக்குள் எத்தனை ஓஸ் பெட்டிக்குள் போய்விட்டது என்பதை விட்டுவிட்டால், எனக்கும் விளங்கவில்லை.

நாலாவது மாதம் ஒருவன் கைதவறி இழுத்துவிட்டான். மொரிட்டா ஓடிவந்து, அவன் முன்னால் இடுப்பு வரை குனிந்து நன்றி சொன்னார். திட்டியிருந்தால் அவனுக்குப் புரிந்திருக்கும். நன்றி சொன்னதும் கதிகலங்கிப் போய் மறுநாள் லீவு போட்டுவிட்டான்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் வேங்கடேசன். கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர். மொரிட்டாவுக்கும் தொழிலாளிக்கும் நடுவே எந்தப் பேச்சும் அவர் வாய் வழியாகத்தான் போக வேண்டும். திருவள்ளூரில் பெருமாள் கோயிலில் கைங்கர்யம் செய்கிற குடும்பம் அவருடையது. அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூவரும் முறை வைத்துச் செய்கிறார்கள். முறை இல்லாதவர் சந்நிதியில் நின்று சேவிக்கலாம், ஆரத்தித் தட்டைத் தொடக் கூடாது. தொட்டால் அடுத்தவர் உரிமையில் கை வைத்ததாகும். அதே கணக்கைக் கயிற்றுக்கும் போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஒரு நாளைக்கு ஒரு ஆள் இழுக்கட்டும். அது அவன் முறை, அவன் இழுத்தான். இதில் யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள்?

உற்பத்தி மேனேஜர் தணிகாசலத்துக்கு இது மிகவும் பிடித்துப்போனது. ஒரு நாளைக்கு ஒரு நிறுத்தம், அதுவும் முன்கூட்டியே தெரிந்த நிறுத்தம். தொழிலாளிகளுக்கும் பிடித்தது. முறைக்காரர் முந்தின நாளே ஒரு காரணத்தை யோசித்துக்கொண்டு வருவார். இழுப்பார், மொரிட்டா குனிவார், இவரும் குனிவார், லைன் ஓடும். மாதத்துக்கு எத்தனை தடவை கயிறு இழுக்கப்பட்டது என்று காட்ட, சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தின் கோடு மேலே ஏறியது. மொரிட்டா அதை ஜப்பானுக்கு அனுப்பினார். எப்படி ஏறியது என்று கேட்கவில்லை. நல்ல செய்தியை யார் தோண்டித் துருவிக் கேட்பார்கள்?

வரைபடத்தைப் பார்க்கத் தலைமையகத்திலிருந்து ஒரு இயக்குநரே கிளம்பி வந்துவிட்டார். அன்று தானியேலின் முறை. ஓஸின் முனையில் உலோகக் குப்பியைப் பொருத்தி அழுத்தும் மெஷின் அவருடையது. பத்து மணிக்கு இயக்குநர் லைனுக்கு வருவார், அப்போது தானியேல் இழுக்க வேண்டும் என்று தணிகாசலம் ஏற்பாடு செய்திருந்தார். தானியேல் தேய்த்த சட்டையும் புது ஷேவிங்குமாக, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

அவருக்கு அடுத்த இடத்தில், அழுத்தி வரும் ஓஸைச் சோதிப்பவள் பூமிகா. ஆர்.கே.பேட்டைப் பக்கத்துப் பெண். வீட்டில் நெல் நிலம் இருக்கிறது. பயிற்சியாளராகச் சேர்ந்து ஒரு வருடம் அந்த வாரத்தோடு முடிகிறது. பள்ளிப்பட்டில் உரக்கடை வைத்திருக்கும் ஒரு மாப்பிள்ளையை அப்பா பார்த்து வைத்திருந்தார். மாப்பிள்ளையிடம் அவளுக்கு ஒரு குறையும் இல்லை, கல்யாணம்தான் இப்போது வேண்டாம். அப்பா கெட்டவர் இல்லை. ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "வேல நெரந்தரம் ஆச்சின்னா நீ சொல்றத நான் கேக்கறேன். இல்லன்னா நான் சொல்றத நீ கேளு." நியாயமான ஒப்பந்தம் என்று அவளும் ஒப்புக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்குச் சற்று முன்னால், அவள் கையில் எடுத்த ஓஸில் குப்பி ஆடியது. ரப்பரைச் சரியாகக் கவ்வவில்லை. ஓடும் வண்டியில் பிரேக்கை மிதிக்கும்போது அது கழன்றால் என்ன ஆகும் என்று அவளுக்குப் பயிற்சியில் காட்டியிருந்தார்கள். அதைச் சிவப்புத் தட்டில் போட்டாள். சற்று நேரத்தில் இன்னொன்று வந்தது. அதற்குப் பிறகு இன்னொன்று. அவள் சோதிப்பது அஞ்சுக்கு ஒன்று. மீதி நேராகப் பெட்டிக்குப் போகிறது.

தானியேலிடம் போய், பிடி லூசாக வருகிறது, இப்போதே இழுங்கள் என்று மெதுவாகச் சொன்னாள். பத்து மணிக்கென்று தணிகாசலம் சார் சொல்லியிருக்கிறாரே, இப்போது இழுத்தால் அவர்கள் வரும்போது என்னத்தை இழுப்பது என்று அவர் கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை. பத்து மணிக்கு நீ சொன்ன காரணத்தையே சொல்லிவிடுகிறேன், அது நான் யோசித்து வைத்ததைவிட நன்றாக இருக்கிறது என்றார்.

அவள் இடத்துக்குத் திரும்பினாள். தட்டில் ஆறேழு ஓஸ் சேர்ந்துவிட்டது. கயிறு தலைக்கு மேலேதான் இருந்தது. தானியேலின் முறையை எடுத்துக்கொள்வது அவளுக்கு அடுத்தவர் டிபன் பாக்ஸைத் திறப்பது மாதிரி இருந்தது. இருந்தும் எட்டி இழுத்துவிட்டாள்.

லைன் நின்றது. தணிகாசலம் ஓடிவந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் இயக்குநரும் மொரிட்டாவும் வேங்கடேசனும் எதிரே வந்துவிட்டார்கள். இயக்குநர் தட்டைப் பார்த்தார். ஒரு ஓஸை எடுத்துக் குப்பியை ஆட்டிப் பார்த்தார். முதல் ஓஸிலேயே ஏன் இழுக்கவில்லை, இத்தனை சேரும்வரை ஏன் காத்திருந்தாள் என்று கேட்டார். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வேங்கடேசன் அதைத் தமிழில் சொன்னார்.

"இன்னிக்கு தானியேல் அண்ணன் மொற சார்," என்றாள் பூமிகா. "அவரு மொறைய நான் எப்டி எடுக்கறது? பாத்துக்கினே இருந்தேன். அப்பறம் மனசு கேக்கல."

எல்லோரும் வேங்கடேசனைப் பார்த்தார்கள். முறையை உண்டாக்கியவரே அதை மொழிபெயர்க்க வேண்டியதாகிவிட்டது. தணிகாசலத்தின் முகத்தில் ஈயாடவில்லை. வேங்கடேசன் நன்றாக உறுதிசெய்துகொண்ட பிறகே இழுக்க வேண்டும் என்று இவள் நினைத்தாளாம் என்று ஜப்பானிய மொழியில் சொன்னார். அழகான வாக்கியம். இயக்குநர் திருப்தியாகத் தலையசைத்தார்.

மொரிட்டா மட்டும் வேங்கடேசனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இங்கே வந்து இரண்டு வருடமாகிறது. கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டில் மீன்காரியிடம் பேரம் பேசும் அளவுக்குத் தமிழ் வந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் நிற்பவர் அவருடைய மேலதிகாரி. வரைபடத்தை அனுப்பியவர் இவர். இங்கே உள்ளவர்கள் எதையும் நிதானமாகச் செய்பவர்கள் என்று இயக்குநரிடம் சொல்லிவிட்டுத் தானே முதலில் கைதட்டினார். லைன் முழுக்கக் கைதட்டியது. கைதட்டலைக் கேட்டதும்தான், தான் சொன்னது அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை என்று பூமிகாவுக்குத் தெரிந்தது.

மறுநாள் இயக்குநர் விமானம் ஏறியதும் அவளை மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் அவளுடைய பணி உறுதிப் படிவம் இருந்தது. நிரந்தரம் வேண்டாம், இன்னும் ஆறு மாதம் பயிற்சி என்று தணிகாசலம் எழுதியிருந்தார். காரணம்: பிழையைக் கண்டும் கயிற்றை உடனே இழுக்காமல் தாமதித்தது. விதிப்படி எழுத்துக்கு எழுத்து சரி. அந்த லைனில் உண்மையான காரணத்துக்காகக் கயிற்றை இழுத்த ஒரே ஆள், தாமதமாக இழுத்தாள் என்று தண்டிக்கப்படுகிறாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அந்தக் கம்பெனியில் எந்தக் காகிதத்திலும் கீழே இருப்பவர் முதலில் கையெழுத்துப் போடுவார். கடைசியில் மொரிட்டா. கீழே உள்ளவர் எழுதியதை மேலே உள்ளவர் அடித்து எழுதுவது அவர்கள் நாட்டில் அவமதிப்பு. மொரிட்டா அதுவரை அப்படிச் செய்ததில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று வேங்கடேசன் மூலம் அவளைக் கேட்டார்.

பூமிகா வேங்கடேசனைப் பார்க்கவில்லை. மொரிட்டாவைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

"சார், கயிறு எல்லாருக்கும்னு நீங்க சொன்னீங்க. நாங்க நம்பல. மொற போட்டுக்கினோம். நேத்து நான் நம்பி இழுத்துட்டேன். அதுக்கு இதுதான் பலன்னா, ஊட்டுக்குப் போறேன், பரவால்ல. ஆனா இனிமே இங்க நெஜமா ஒருத்தரும் இழுக்க மாட்டாங்க."

வேங்கடேசன் அவள் சொன்னதை ஒன்று விடாமல் மொழிபெயர்த்தார். முறை போட்டது நான், நேற்று மாற்றிச் சொன்னதும் நான் என்று தன் கணக்கில் இரண்டு வரி சேர்த்துக்கொண்டார். வேலை போய்விடும் என்றே நினைத்தார்.

"தெரியும்," என்றார் மொரிட்டா, ஜப்பானிய மொழியில். "நேற்று அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி நானும் இருந்துவிட்டேன்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. படிவத்தைத் தணிகாசலத்தின் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருந்தார். பேசாமல் உட்கார்ந்திருப்பது அவருக்குச் சிரமமே இல்லை, அவர்கள் ஊர் மீட்டிங்கில் பாதி நேரம் அப்படித்தான் போகும். தணிகாசலத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. தண்ணீர் குடித்தார். பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

"அவருகிட்ட சொல்லு சாமி," என்று கடைசியில் வேங்கடேசனிடம் ஆரம்பித்தார். "அவ லேட்டா இழுத்தான்னு எனக்குக் கோவம் இல்ல. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம இழுத்துட்டாளேன்னுதான். இருவது வருசமா மெஷினுங்களோட மாரடிச்சிக்கினு இருக்கறேன். எனக்கு அந்த மரியாதகூட இல்லியா?"

வேங்கடேசன் சொன்னார். மொரிட்டா யோசித்துவிட்டு, அவள் உங்களிடம் வந்து சொல்லியிருந்தால் லைனை நிறுத்தியிருப்பீர்களா என்று கேட்டார். தமிழில், தானே கேட்டார். இலக்கணம் தாறுமாறாக இருந்தது. கேள்வி தெளிவாக இருந்தது.

தணிகாசலம் பேனாவைக் கீழே வைத்தார். பூமிகாவைப் பார்த்தார். இயக்குநர் வரும் நேரம், எல்லாம் ஏற்பாடு செய்து வைத்திருந்த நேரம். அவரிடம் வந்து நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

"நிறுத்தியிருக்க மாட்டேன்," என்றார்.

பிறகு படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, எழுதியதை நீளக் கோடு போட்டு அடித்தார். மேலே நிரந்தரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மொரிட்டா அதன் கீழே கையெழுத்துப் போட்டார். ஷிப்ட் முடிய இன்னும் நேரம் இருந்ததால் பூமிகா எழுந்து லைனுக்குப் போனாள்.