வேங்கம்மா செத்த ஞாயிற்றுக்கிழமை

தாம்பாளத்தில் உருண்ட பகடை நிற்பதற்குள் பார்த்திபன் அதைக் கையால் மூடி அள்ளிக்கொண்டான்.

"ஒண்ணு. ஒண்ணுதான் உழுந்துச்சு," என்றான். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "கயிறு அறுந்துபோச்சு. வேங்கம்மா ஆத்துல உழுந்துட்டா. செத்துட்டாம்மா."

பாயில் அவனோடு இன்னும் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஃபேன் தன் பாட்டுக்குக் கடகடத்தது.

"மத்தவங்கள்லாம் கரைக்குப் போய்ச் சேந்துட்டாங்களா?" என்று கேட்டாள் அவன் அம்மா கங்கம்மா.

"சேந்துட்டாங்க ஆன்ட்டி," என்றாள் சோனியா. "நீங்க கயித்த உடாம புடிச்சிக்கினு நின்னீங்கல்ல."

"அப்ப சரி."

வெளியே சொன்னால் சிரிப்பார்கள். வேங்கம்மா என்று ஒருத்தி இந்த உலகத்திலேயே கிடையாது. கும்மிடிப்பூண்டி ஸ்டீல் கம்பெனியில் ஒன்றாக வேலை பார்க்கிற பார்த்திபனும் தணிகைவேலும் சோனியாவும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆடுகிற ஒரு ஆட்டம் இது. பார்த்திபன் கதை சொல்வான், மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு அந்தக் கதைக்குள் நடப்பார்கள். காடு வரும், கோட்டை வரும், எதிரி வருவான். என்ன செய்வது என்று அவரவர் சொல்ல வேண்டும், அது பலிக்குமா என்பதை அவரவர் போடுகிற பகடை சொல்லும்; ஒன்று விழுந்தால் பலிக்காது. ஒரு நாள் ஆள் குறைகிறதென்று அடுப்படியிலிருந்த கங்கம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். தன் ஆள் ஓடம் தள்ளுகிறவள், எவனுக்கும் பயப்படாதவள், பேர் வேங்கம்மா என்றாள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான், அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் விட்டதில்லை.

அடேயப்பா, வேங்கம்மா செய்யாத அட்டகாசமா! ராஜாவின் வரிக்காரனை ஆற்றில் முக்கி எடுத்தாள். சேனாதிபதியின் குதிரையை அவன் கண்ணெதிரிலேயே ஓட்டிக்கொண்டு போனாள். தணிகைவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். ஆனால் கங்கம்மாவுக்கு அதெல்லாம் பெரிசில்லை. கதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் பிள்ளை இவள் பக்கம் திரும்பி, "நீ இன்னா பண்ணப்போற?" என்று கேட்பான். அதுதான் பெரிசு. கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவுகிறவளிடம் இதைச் செய், அதைச் செய் என்பார்களே தவிர எவன் கேட்டான் அப்படி? புருஷன் ராஜமாணிக்கம் உயிரோடு இருந்தவரைக்கும் அவன் வைத்ததுதான் சட்டம். அவன் போன பிறகு அதட்டுவதற்கும் ஆளில்லை.

"புதுசா ஒரு ஆள உண்டாக்கிக்கலாம்மா," என்றான் தணிகைவேல்.

"செத்தவ பொணம்கூட கரை ஒதுங்கல. அதுக்குள்ள புதுசா?" என்று எழுந்தவள், தோசை மாவை மூடி உள்ளே தள்ளினாள். "ராத்திரிக்கு வெளியவே வாங்கிக்கோங்க. சாவு ஊட்டுல அடுப்பு பத்த வெக்கக்கூடாது."

"ஐயோ, கேமுதாம்மா இது!" என்றான் பார்த்திபன். "பேஜாரு பண்ணாதம்மா."

"கேமுன்னு எனக்குத் தெரியாதா? எனக்கு இன்னா பைத்தியமாடா?" என்றாள். ஆனால் அடுப்பைத் தொடவில்லை. இரண்டு ஆண்பிள்ளைகளும் இட்லி வாங்கி வரக் கிளம்பினார்கள்.

சோனியா நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "போன வருஷம் ஆட்டத்துல என் ஆளு செத்தப்ப எனக்கும் இப்படித்தான் ஆன்ட்டி. ஜுரம்னு பொய் சொல்லி லீவு போட்டுட்டு அழுதுக்கினு இருந்தேன். யாரு செத்தாங்கன்னு கேட்டா இன்னான்னு சொல்றது?"

"உன் ஆளுக்குப் பகடை நீதான போட்ட?"

"ஆமா. அவங்கவங்க ஆளுக்கு அவங்கவங்கதான..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். இன்றைக்கு மட்டும், 'குடும்மா, நான் போடறேன்' என்று பார்த்திபன் வாங்கிப் போட்டான். விழுந்த எண்ணை ஒருவரும் பார்க்கவில்லை.

"உடுங்க ஆன்ட்டி. அவன் பூனே போயிட்டாலும் நாம மூணு பேரு..." சோனியா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எப்பப் போறானாம்?"

"இன்னும் சொல்லலையா? வர்ற மாசம் ஆன்ட்டி. அங்க நல்ல வேலை. 'நான் போயிட்டா ஞாயித்துக்கெழமை ஆனா அம்மா வாசலையே பாத்துக்கினு இருக்கும். அதுக்குள்ள ஆட்டத்த முடிச்சுடணும், முடிஞ்சிட்டா மறந்துடும்'னு சொன்னான். இப்படி முடிப்பான்னு எனக்குத் தெரியாது, சத்தியமா."

மறந்துடுமாம்! கங்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிழைக்கப் போகிற பிள்ளை போகட்டும், யார் வேண்டாமென்றது? போகிறவன் அவளைக் கொன்றுபோட்டா போக வேண்டும்? வேங்கம்மா இருந்திருந்தால் அவன் இல்லாத வீட்டில் துணைக்கு ஒருத்தி இருந்திருப்பாள். இப்போது அவளும் இல்லை. வந்த கோபம் வந்த வேகத்திலேயே வடிந்துபோய், இந்த ஒற்றை அறை வீடு திடீரென்று ரொம்பப் பெரிசாகத் தெரிந்தது.

சோனியா கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். தணிகைவேலும் தெருமுனையிலேயே போய்விட்டான் போல. பார்த்திபன் பொட்டலத்தோடு தனியாக வந்தான். வாசலில் செருப்பை அவிழ்க்கவே அவனுக்கு அத்தனை நேரமாயிற்று.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அப்பறம் சொல்லு. மொதல்ல போயி தலைக்கு ஊத்திக்கினு வா."

"இன்னாத்துக்கு?"

"கொள்ளி வெச்சவன் குளிக்காம சாப்புடக்கூடாது."

 பார்த்திபன் பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே குளியலறைக்குள் போனான். தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு ஆள் குளிப்பதற்கு வேண்டியதைவிட ரொம்ப நேரம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. அவன் வெளியே வரவில்லை.

கங்கம்மா கொடியிலிருந்த துண்டை உருவிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

"துண்டு, நைனா."

கதவு ஒரு சாண் திறந்தது. ஈரக் கை ஒன்று நீண்டு துண்டை வாங்கித் தோளுக்கு இழுத்துக்கொண்டது. பிறகு அதே கை வெறுமனே மறுபடியும் வெளியே வந்து, சொட்டச் சொட்ட, அம்மாவின் கைக்காக அப்படியே நீண்டிருந்தது.