ஏழு திருத்தம்

கல்லூரி இதழுக்கு நான்தான் மெய்ப்புப் பார்ப்பேன். கடைசி வரியில் தொடங்கி மேல்நோக்கிப் படிப்பது என் வழக்கம். மேலிருந்து படித்தால் கதை இழுத்துக்கொண்டு போய்விடும், பிழை தப்பிவிடும். கதை எனக்குப் புரியாது. புரியவேண்டிய அவசியமும் இல்லை.

திங்கட்கிழமை மயிலாப்பூர் பஸ் ஸ்டாப்பில் ஜெயபாரதி ஒரு தாளை நீட்டினாள். இதழில் கதை எழுதுகிறவள். நாங்கள் காதலிப்பது வகுப்புக்கே தெரியும். எங்களுக்குள்தான் பேசிக்கொண்டதில்லை.

“வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம்.”

இதழ் அச்சுக்குப் போவதும் வெள்ளிதான்.

“அவ்ளோ நாள் எதுக்கு? பஸ்லயே முடிச்சிருவேன்.”

“டேய் அறிவு, பொறுமையா படிடா.”

அடையாறு வருவதற்குள் ஏழு திருத்தம். அதில் ஒன்று ‘ஆனால்’ தகராறு. ‘ஆனாலுக்கு முன் காற்புள்ளி வைத்தால் முதலில் சொன்னது தனியாக நிற்கும். இல்லாவிட்டால் ஆனால் அதை விழுங்கிவிடும்’ என்று ஓரத்தில் பாடம் வேறு எழுதினேன். அடியில் வழக்கம்போல, ‘அச்சுக்குப் போகலாம்.’

மறுநாள் கொடுத்தேன். நின்றபடியே பார்த்தாள்.

“வேற ஒண்ணும் சொல்லத் தோணலயா?”

“தலைப்பு இல்ல. வெச்சுக் குடு.”

தாளை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த திங்கள், ராயப்பேட்டை அச்சகத்தில் எங்கள் இதழுக்குப் பக்கம் வடிவமைக்கும் ரெஹான் போன் செய்தான்.

“மச்சி, ஜெயபாரதி கதை வரவேயில்ல. அவ நைனா வந்து அவளுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் குடுத்துட்டுப் போறாரு. இன்னாடா நடக்குது?”

திருத்திய தாள்களைப் படம் எடுத்து வைத்திருப்பேன். திறந்து, முதல் வரியிலிருந்து படித்தேன்.

‘நேரில் சொன்னால் கிண்டல் பண்ணுவாய், அதனால் எழுதுகிறேன். எனக்கு உன்னைத்தான் பிடிக்கும், ஆனால் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் நீ வந்து அப்பாவிடம் பேசு. மனமில்லை என்றால் அதையாவது சொல்லிவிடு.’

இரண்டு காற்புள்ளியும் என்னுடையவை.

அவளைக் கூப்பிட்டேன்.

“படிச்சேன்” என்றேன்.

“எப்போ?”

“இப்பதான்.”

“அப்போ அன்னிக்கு?”

“கதைன்னு நெனச்சேன்.”

“கமா போட்டுக் குடுத்தியேடா. அதான் உன் பதில்னு நெனச்சேன்.” மூக்கை உறிஞ்சினாள். “நாளைக்கு டி.நகர்ல பொடவ எடுக்கறோம். வெச்சுடட்டா?”

ஆனால் அவள் உடனே வைக்கவில்லை. அவள் வீட்டுக் குக்கர் ஒரு விசில் அடித்தது. இன்னொன்று. மூன்றாவதும் அடித்தது.

அம்மா கூப்பிடுகிறாள் என்று சொல்லிவிட்டு வைத்தாள். யாரும் கூப்பிட்டது கேட்கவில்லை.