என் பாய் அகலத்துக்கு ஒரு காடு

பழவேற்காடு ஏரித் திட்டுகளில் சீமைக்கருவேலம் விதைத்த மகானுபாவன் நான்தான். அப்போது ஃபாரஸ்ட் கார்டு. அறுபத்து மூன்றில் வடக்குத் திட்டின் புதரையெல்லாம் ஒட்ட வெட்டிவிட்டு விதைத்தேன். மூன்றே வருடத்தில், காக்கை உள்ளே போனால் இறகில்லாமல் வெளியே வரும் அளவுக்கு முள். நானே உள்ளே போய் இரண்டு சட்டைகளை இழந்திருக்கிறேன்.

அறுபத்தாறில் தெற்குத் திட்டுக்கு உத்தரவு வந்தது. அது குப்பம்மாளின் மேய்ச்சல் இடம். ஊரில் நடவு முடிந்தால் ஆட்டை வரப்புப் பக்கம் அண்ட விடமாட்டார்கள். அவள் தன் நாற்பது ஆடுகளையும் தோணியில் ஏற்றிவந்து, அறுப்பு வரை திட்டிலேயே மேய்ப்பாள்.

நான் அரிவாளோடு இறங்கினேன். சங்கஞ்செடிப் புதருக்கு முன்னால் அவள் நின்றாள். எட்டடி உயரம் என்று தோன்றியது. அளந்தால் நாலே முக்கால்தான்.

"வடக்கால நீ பண்ண கூத்தப் பாத்தேன் கார்டு. புல்லுன்னு ஒண்ணு கெடையாது. இதையும் வெட்டினா என் ஆடுங்க உன் ஊட்டுக்குத்தான் சோத்துக்கு வரும்."

"மேல இருந்து ஆர்டர்மா. வெறகு வோணுமாம்."

"வெதைக்கத்தானே ஆர்டரு? வெட்டாம வெத. மொளைச்சா ஆட்ட வித்துட்டுப் போய்க்கினே இருக்கேன். மொளைக்கலன்னா நீ போ."

வெட்டாமல் சம்பளம் என்றால் எனக்குக் கசக்குமா? இரண்டு மூட்டை விதையை அடம்பங்கொடி மேலும், இராவணன் மீசைப் புல் நடுவிலும் வாரி வீசினேன். மத்தியானத் தூக்கத்துக்கு மட்டும், ஒரு பாய் விரிக்கிற அளவு, கொடியையும் புல்லையும் வேரோடு செதுக்கிக்கொண்டேன். கிளம்பும்போது அங்கேயும் ஒரு கை விதை தூவினேன்.

மழை ஓய்ந்ததும் ரேஞ்சர் ஆதிநாராயணன் வந்தார். திட்டு முழுக்கத் தேடினோம். கொடியடியில் முளைத்த ஒன்றிரண்டும் வெளிச்சமில்லாமல் நூலாய் வெளுத்துச் செத்திருந்தன. ஓரிடத்தில் மட்டும் கன்றுகள் முழங்கால் உயரம் தளதளவென்று நின்றன. ஆறடி நீளம், மூன்றடி அகலம். தலைமாடு எது, கால்மாடு எது என்றுகூடத் தெரிந்தது.

"என்னய்யா முனுசாமி, பாய் போட்ட மாதிரி இருக்கு?"

குப்பம்மாள் முந்திக்கொண்டாள். "அவரு தூங்கின எடம் சார். தரை காலியா கெடந்தாத்தான் அந்த முள்ளு பூரும். மத்த எடத்துல எங்க செடிங்க வுடல."

"அப்போ மொத்தத்தையும் வெட்டிட்டா மொளைக்கும்னு சொல்ற."

தன் வாயாலேயே திட்டைத் தாரை வார்த்துவிட்டது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஆனால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. வெட்டாத இடத்தில் ஒன்றும் முளைக்கவில்லை; பந்தயத்தில் தோற்றவன் நான் அல்லவா?

"அந்தம்மாக்கு ஒண்ணும் தெரியாது சார்," என்றேன். "நீங்க வர்றீங்கன்னு நான்தான் தெனம் குடிதண்ணி ஊத்தி வளத்தேன். மண்ணு முழுக்க உப்பு. வெட்டினாலும் வராது."

ரேஞ்சர் அதை உடனே நம்பினார். இன்ஸ்பெக்‌ஷனுக்காக நாற்று வளர்க்கும் கார்டுகளை ஆயிரம் பேராவது பார்த்திருப்பார். 'மண் ஏற்றதல்ல' என்று எழுதித் திட்டை விட்டுவிட்டார். எனக்கு ஒரு மெமோ; அதன் நீளம் பழவேற்காட்டிலிருந்து எளாவூர் வரை இருக்கும்.

அவர் படகு நகர்ந்ததும் குப்பம்மாள் கன்றுகளை ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கினாள். அடம்பங்கொடியை வெட்டிவந்து என் படுக்கை முழுக்க நெருக்கி நட்டாள்.

"இனிமே தூக்கம் வந்தா தோணிலயே தூங்கு," என்றாள்.

போன மாதம் ரிடையர் ஆனதும் போய்ப் பார்த்தேன். நாற்பது ஆடு அறுபதாகியிருக்கிறது. காலை நீட்ட ஒரு சாண் வெறுந்தரைகூட அவள் விட்டுவைக்கவில்லை.